கணக்குக்கு மூன்று பேர்

அந்தத் துறையில் ஒரு வழக்கம் இருந்தது. ஆராய்ச்சித் திட்டத்தில் ஓர் இடம் காலியானால் அதற்கு யார் வரப்போகிறார் என்பது வராந்தாவில் நிற்கிறவர் வரைக்கும் தெரியும். ஆனாலும் பத்திரிகையில் நாலு வரி விளம்பரம் கொடுக்க வேண்டும், நேர்முகத் தேர்வு நடத்த வேண்டும், அதற்குக் குறைந்தது மூன்று பேராவது வந்து உட்கார வேண்டும். மூன்று பேர் வராவிட்டால் தேர்வு செல்லாது. மறுபடி அனுமதி, மறுபடி விளம்பரம் என்று இழுக்கும். அதற்குள் பணம் கொடுத்த டெல்லிக்காரர்களுக்கு மனசு மாறிவிடும். அதனால் வேலை கிடைக்கப்போகிறவரே மற்ற இரண்டு பேரையும் பிடித்துக்கொண்டு வந்துவிடுவார். அப்படி வருகிறவர்களுக்குக் கணக்குக்கு வந்தவர்கள் என்று பெயர். கேட்ட கேள்விக்கெல்லாம் தெரியாது என்று சொல்லிவிட்டு வெளியே வருவதுதான் அவர்கள் வேலை. கூட்டி வந்தவர் மதியம் பிரியாணி வாங்கித் தருவார்.

மகிழினி எம்.எஸ்சி. வேதியியல் படித்த காலத்திலேயே இரண்டு முறை கணக்குக்குப் போய் உட்கார்ந்தவள். இரண்டாவது தடவை, தனக்கு முந்தின வருஷம் படித்த ஓர் அக்காவுக்காகப் போனாள். அன்றைக்குக் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் நாக்கு நுனியில் வந்து நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு தெரியாது என்றாள். அதில் அவளுக்கு வருத்தமே இல்லை. தன் முறை வரும்போது யாராவது தனக்காகப் பல்லைக் கடிப்பார்கள்.

அவள் முறை 2001-இல் வந்தது.

எண்ணூர் கழிமுகத்துச் சேற்றிலும் தண்ணீரிலும் என்னென்ன உலோகம் கலந்திருக்கிறது என்று பார்க்கிற திட்டம் அது. முந்தின வருஷம் அதைச் சின்ன அளவில் ஆரம்பித்துப் பார்த்தபோது, நியமன ஆணையோ பதவிப் பெயரோ இல்லாமல் எல்லா வேலையும் மகிழினிதான் செய்தாள். வியாசர்பாடியிலிருந்து விடியற்காலையில் கிளம்பி, ரயிலில் எண்ணூர் போய் இறங்கி, டில்லிபாபுவின் படகில் ஏறுவாள். ரயில் பாலத்துக்கு அடியிலிருந்து ஆற்றுவாய் வரைக்கும் அங்கங்கே நிறுத்தச் சொல்லிச் சேறு அள்ளுவாள், பாட்டிலில் தண்ணீர் பிடிப்பாள். டில்லிபாபு அவளுக்கு வைத்த பேர் சேத்து டீச்சர்.

“டீச்சர், ஊர்ல எல்லாரும் மீன் புடிக்க வராங்கோ. நீ ஒருத்திதான் சேறு புடிக்க வர. இத்த வறுத்துத் துன்னுவியா, கொளம்பு வெப்பியா?”

“உனக்குப் பார்சல் அனுப்பறேன், துன்னு பாரு,” என்பாள்.

பேராசிரியர் அருள்பிரகாசம் ஒரே ஒரு முறைதான் படகில் ஏறினார். அதுவும் புகைப்படத்துக்கு. ஆனால் நல்ல மனிதர் என்றுதான் துறையில் பேர். குரல் உயர்த்த மாட்டார், யாரையும் அம்மா, தம்பி என்றுதான் கூப்பிடுவார். மகிழினி சேறு அப்பிய துப்பட்டாவோடு வந்து பாட்டில்களை மேஜையில் வைக்கும்போதெல்லாம், பக்கத்தில் இருப்பவர்களிடம், “இந்தத் திட்டத்துக்குக் கை கால் எல்லாம் இந்தப் பொண்ணுதான்,” என்பார். மகிழினிக்கு அன்றைக்கு ராத்திரிச் சாப்பாடு கொஞ்சம் கூடவே இறங்கும்.

பெரிய திட்டத்துக்கு டெல்லி சம்மதம் வந்த அன்று அவளை அறைக்குக் கூப்பிட்டார்.

“இது உனக்குத்தான்மா. ரெண்டு வருஷம். அதோட பிஎச்.டி. பதிவும் பண்ணிடலாம். சட்டம்னு ஒண்ணு இருக்கே, மூணு பேராவது வரணும். இப்ப எம்.எஸ்சி. முடிச்சவங்க எல்லாரும் கம்ப்யூட்டர் கிளாசுக்கு ஓடறாங்க, விளம்பரத்தைப் பார்த்து யார் வரப் போறா? நீயே ரெண்டு பேரைக் கூட்டிட்டு வந்துடு.”

“வந்துடறேன் சார்.”

வீட்டில் சொன்னாள். குடிசை மாற்று வாரியக் குடியிருப்பில் இரண்டாவது மாடி. டிவி மேல் ஒரு சிறிய புத்தர். அவருக்குப் பக்கத்தில் மகிழினி கல்லூரியில் வாங்கிய கோப்பை. அப்பா கிருஷ்ணப்பன் துறைமுகத்தில் கிரேனுக்குக் கீழே நின்று ஏற்று, இறக்கு என்று கைகாட்டுகிறவர். அன்று சாயங்காலமே கீழே டீக்கடையில் விஷயத்தை இறக்கிவிட்டார்.

“எம் பொண்ணு டாக்டராவப் போவுது.”

“இன்னாண்ணா சொல்ற, பெரியாஸ்பத்திரிலயா?”

“அது ஊசி போட்ற டாக்டரு. இது ஊசி போடாத டாக்டரு. தண்ணிக்குப் பாக்கறது.”

“அப்போ நம்ம தெரு கொயாத் தண்ணிய மொதல்ல பாக்கச் சொல்லு. அதுக்கு ரொம்ப நாளா சீக்கு.”

கடை முழுக்கச் சிரித்தது. கிருஷ்ணப்பனும் சிரித்தார். ஆனால் அம்மா கெங்கம்மா சிரிக்கவில்லை. புளியந்தோப்பில் ஓர் இடம் பேசி வைத்திருந்தாள். பையனுக்கு மின்வாரியத்தில் வேலை. “இதான் கடேசி. இது கெடைச்சா நீ படி, எவன் கேட்டாலும் நான் பதில் சொல்லிக்கறேன். கெடைக்கல, அவங்கள வரச் சொல்லிடுவேன். அப்புறம் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கக் கூடாது,” என்றாள்.

மகிழினி ஒத்துக்கொண்டாள். கிடைத்த மாதிரிதானே.

கணக்குக்கு ஆள் தேடுவதிலும் சிரமம் இல்லை. ஜெனி இருந்தாள். எம்.எஸ்சி.யில் இரண்டு வருஷம் ஒரே பெஞ்சு. ஜெனியின் அப்பா தவசிமுத்து நாசரேத் பக்கத்திலிருந்து வந்து தண்டையார்பேட்டையில் மொத்த மளிகை வியாபாரம் செய்கிறவர். கடைக்கு மேலேயே வீடு. பரீட்சைக்குப் படிக்க மகிழினி அங்கேதான் போவாள். மிளகாய் நெடியில் இரண்டு பேரும் தும்மிக்கொண்டே சமன்பாடு எழுதுவார்கள். ஜெனியின் இங்கிலீஷ் கான்வென்ட் இங்கிலீஷ், மகிழினியின் கணக்கு கார்ப்பரேஷன் பள்ளிக் கணக்கு. ஒன்றுக்கு ஒன்று உதவி. படிப்பு முடிந்தபின் ஜெனியை பி.எட். சேரச் சொல்லி வீட்டில் நச்சரித்துக்கொண்டிருந்தார்கள்.

“கணக்குக்கு வரணும், அவ்வளவுதானே? வரேன்,” என்றாள் ஜெனி. “இன்னொரு ஆள் வேணும்னா நம்ம அபின் இருக்கான்.”

அபின் அவள் சித்தப்பா மகன். அவனும் எம்.எஸ்சி. வேதியியல்தான், ஆனால் படித்ததை மறந்துவிட்டு அமெரிக்கா போவதற்காகக் கம்ப்யூட்டர் படித்துக்கொண்டிருந்தான். “பிரியாணிக்கு மட்டன்னா வரேன், சிக்கன்னா யோசிக்கணும்,” என்றான்.

தேர்வு அன்று மூன்று பேரும் தண்டையார்பேட்டையில் ஒன்றாக பஸ் ஏறினார்கள். மகிழினி அம்மாவின் நீலப் பட்டுச் சேலையைக் கட்டியிருந்தாள். ஜெனி ஜன்னலோரம். அபின் முன் சீட்டில் திரும்பி உட்கார்ந்துகொண்டு, தெரியாது என்பதை எத்தனை விதமாகச் சொல்லலாம் என்று நடித்துக் காட்டினான். துக்கமாகத் தெரியாது. வெட்கப்பட்டுத் தெரியாது. மேலே பார்த்து யோசித்துவிட்டு, வந்த பதிலை விழுங்கிவிட்டுத் தெரியாது.

“ஏன் மகிழ், உங்க சார் கடைசில என்னையே எடுத்துட்டார்னா என்ன பண்ணுவ?” என்றான்.

“சார் அப்படிப்பட்டவர் இல்ல.”

பஸ் ராயபுரம் மேம்பாலத்தில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு நின்றது. ஜெனி ஜன்னலிலிருந்து திரும்பினாள்.

“எல்லாத்துக்கும் தெரியாதுன்னா சந்தேகம் வராது? கழிமுகத்தைப் பத்திக் கொஞ்சம் சொல்லேன். பாதி சொல்லிட்டுப் பாதியில நிறுத்திடறேன்.”

அது நியாயமாகத்தான் பட்டது. மகிழினி சொன்னாள். அவளுக்கு அதைப் பேச யாராவது கிடைத்தால் போதும். கடல் ஏறும்போது ஆற்றுவாய் வழியாக உப்புத் தண்ணீர் உள்ளே வருகிறது. வற்றும்போது மேலேயிருந்து வருவது இறங்குகிறது. ஒரே இடத்தில் காலையில் பிடித்த தண்ணீரும் சாயங்காலம் பிடித்த தண்ணீரும் ஒன்றல்ல. அதனால் பாட்டிலில் இடத்தை மட்டும் எழுதினால் போதாது, நேரத்தை எழுத வேண்டும். கடல் ஏறிக்கொண்டிருந்ததா, வற்றிக்கொண்டிருந்ததா என்றும் எழுத வேண்டும். உப்பு ஏறினால் தண்ணீரில் கரைந்திருக்கிற உலோகம் சேற்றில் போய் ஒட்டிக்கொள்கிறது. ஆகவே தண்ணீர் சுத்தம் என்று சொல்கிறவன் சேற்றைத் தொட்டுப் பார்க்காதவன்.

ஜெனி கவனமாகக் கேட்டாள். ஓரிரு இடத்தில் திரும்பச் சொல்லச் சொன்னாள்.

துறையில் முதலில் அபினைக் கூப்பிட்டார்கள். பிரியாணிக்கு நேர்மையாக உழைத்துவிட்டு, போன வேகத்தில் வந்தான். அடுத்து ஜெனி. ஜெனி வரவில்லை. நேரம் போய்க்கொண்டே இருந்தது. அறைக் கதவு பாதிக் கதவுதான். மேலேயும் கீழேயும் திறப்பு. தேர்வுக் குழுவில் வெளியூர் நிபுணர் ஒருவர் இருந்தார், அவர் குரல் கேட்டது. பிறகு ஜெனியின் குரல். கடல் ஏறும்போது, வற்றும்போது, பாட்டிலில் நேரம், சேற்றில் ஒட்டிக்கொள்ளும் உலோகம். ராயபுரம் மேம்பாலத்தில் மகிழினி சொன்னது அத்தனையும் கான்வென்ட் இங்கிலீஷில் வந்தது. பாதியில் நிற்கவில்லை.

வெளியே வந்த ஜெனி அவள் முகத்தைப் பார்க்காமல் கைக்குட்டையை மடித்தாள். “கேட்டாங்கடி. வாயில வந்துடுச்சு.”

மகிழினி உள்ளே போனாள். பேராசிரியர் சிரித்த முகமாக நிபுணரிடம் அவளை அறிமுகப்படுத்தினார்: இந்தப் பெண் படகுக்காரர்களோடு நன்றாகப் பழகுவாள், ஒரு நாள் கூடக் களத்துக்குப் போகாமல் இருந்ததில்லை. நிபுணர், எந்தப் படகுத்துறையில் ஏறுவீர்கள், வெயிலில் கஷ்டமாக இருக்காதா என்று கேட்டார். அவ்வளவுதான். வேதியியலில் ஒரு கேள்வி இல்லை. முடிவான விஷயம், அதனால் கேட்கவில்லை என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

மதியம் அட்டெண்டர் ராசையா வந்து ஜெனியைக் கூப்பிட்டார்.

பிறகு பேராசிரியர் மகிழினியைத் தனியாகக் கூப்பிட்டு, நாற்காலியைக் காட்டி, மின்விசிறியை அவள் பக்கம் திருப்பிவிட்டார். “என் கையில எதுவும் இல்லம்மா. நிபுணருக்கு ஜெனி பதில் ரொம்பப் பிடிச்சுப் போச்சு. அவர் பிடிவாதம் பிடிச்சா நான் என்ன பண்ண? நீ தப்பா நினைக்காத. களப்பணிக்கு உன்னை மாதிரி ஆள் எங்க கிடைக்கும்? தினக்கூலி அடிப்படையில உன்னை வெச்சுக்கறேன். படகுக்கு நீதான் போகணும்.”

“வேணாம் சார்,” என்றாள். மின்விசிறியைப் பழையபடி அவர் பக்கம் திருப்பிவிட்டு எழுந்தாள்.

அன்றைக்குப் பிரியாணியை யாரும் வாங்கவில்லை. அபின் மட்டும், “மகிழ், எனக்குத் தெரியாதுடி,” என்றான். காலையிலிருந்து அவன் சொன்ன தெரியாதுகளில் அது ஒன்றுதான் நிஜம்.

டீக்கடையைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போக வேண்டும். கிருஷ்ணப்பன் வெளியே வந்து நின்றிருந்தார். மகள் நடந்து வருகிற விதத்தைப் பார்த்தே, பின்னால் கூட்டமாக எழுந்தவர்களைப் பார்த்துக் கையை இறக்கிக் காட்டினார். கிரேனுக்குக் காட்டுகிற அதே சைகை. யாரும் எதுவும் கேட்கவில்லை.

மாடிக்குப் போனதும் மகிழினி நடந்ததைச் சொன்னாள். கெங்கம்மா முழுக்கக் கேட்டாள்.

“நீ சொல்லிக் குடுத்ததயே அங்க போயி ஒப்பிச்சாளா? பஸ்ல உன் பக்கத்துல குந்திகினு?”

“ஆமா.”

“நம்ம வூட்ல எத்தினி தபா துன்னுட்டுப் போயிருப்பா,” என்றாள் கெங்கம்மா. புளியந்தோப்பு ஆட்களை அந்த மாதம் வரச் சொல்லவில்லை. அடுத்த மாதமும் சொல்லவில்லை. மின்வாரியப் பையனுக்கு வேறு இடத்தில் முடிந்தது. அதைப் பற்றி அம்மாவும் மகளும் பேசிக்கொள்ளவே இல்லை.

மகிழினி திருவொற்றியூரில் ஒரு தனியார் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் சேர்ந்தாள். ஒரு நீளமான அறை, இரண்டு மேஜை, பின்னால் ஒரு ஏர்கண்டிஷனர், அதுவும் மனிதர்களுக்கு இல்லை, கருவிக்கு. கேன் தண்ணீர் விற்கிறவர்கள் பாட்டில் பாட்டிலாகக் கொண்டு வந்து தருவார்கள். சிலர், “மேடம், நல்லா வரா மாதிரி பாத்துப் போடுங்க,” என்று பல்லைக் காட்டுவார்கள். “நல்லா வரா மாதிரி நீங்க தண்ணி கொண்டாங்க,” என்பாள். 2003 கோடையில் நகரம் வறண்டபோது மீஞ்சூர் பக்கத்துக் கிணறுகளிலிருந்து லாரி லாரியாகத் தண்ணீர் வந்தது. பரிசோதனைக்கூடத்தில் நிற்க இடமில்லை. வேலையில் அவளுக்குக் கெட்டிக்காரி என்று பேர் இருந்தது. பிஎச்.டி. இல்லை. திட்டங்களில் இருபத்தெட்டு வயது வரைதான் எடுப்பார்கள், அவளுக்கு இருபத்தேழு முடியப்போகிறது.

இந்த இரண்டு வருஷமும் அவள் நினைப்பு ஒரே இடத்தைச் சுற்றியது: ராயபுரம் மேம்பாலம், நின்ற பஸ், ஜெனியின் காதுக்குள் தான் ஊற்றிய சொற்கள். பேராசிரியர் மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. அவர் கையில் என்ன இருந்தது? நிபுணர் கேட்டார், ஜெனி சொன்னாள். வாயைத் திறந்தது ஜெனி.

அந்த ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெனி வியாசர்பாடிக்கு வந்தாள். கையில் அப்பா கடைக் கருப்பட்டி ஒரு பொட்டலம். கதவைத் திறந்த கெங்கம்மா நகராமல் நின்றாள்.

“இன்னாமா, வயி தெரிஞ்சுதா? மறந்துட்டியோன்னு பாத்தேன்.”

“வேலைம்மா. வரவே முடியல.”

“தெரியும் தெரியும். எம் பொண்ணு வேலைய நீ செய்யற, உனுக்கு எங்க நேரம் இருக்கும்.”

ஜெனி தலையைக் குனிந்தபடி உள்ளே வந்து உட்கார்ந்தாள். இளைத்திருந்தாள். மகிழினி ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்தாள். ஜெனி சுற்றி வளைத்துத்தான் வந்தாள்: திட்டத்தை நீட்டித்திருக்கிறார்கள், ஆனால் புதுத் திட்டம் என்று கணக்கு, அதனால் அவள் இடத்துக்கே மறுபடி விளம்பரம், மறுபடி தேர்வு. பிஎச்.டி. பாதியில் நிற்கிறது. இந்த முறை எம்.எஸ்சி.யோடு இரண்டு வருஷ அனுபவமும் கேட்கிறார்கள். அப்படி ஆள் எங்கே கிடைக்கும்? ராயபுரத்துப் பெண் ஒருத்தி இருக்கிறாள், சிவந்தி என்று. இன்னும் ஒரு ஆள் குறைகிறது.

“மூணு பேர் இல்லாட்டி போஸ்ட்டே போயிடும் மகிழ். அனுபவம் இருக்கிற ஆள் எனக்கு வேற யாரையும் தெரியாது.”

அடுப்படியில் பாத்திரம் ஒன்று தேவைக்கு மேல் சத்தமாக விழுந்தது.

“கணக்குக்கா?” என்றாள் மகிழினி.

“கணக்குக்குத்தான்.”

“வரேன்.”

இவ்வளவு சுலபமாக வரும் என்று ஜெனி எதிர்பார்க்கவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவள் படியிறங்கியதும் கெங்கம்மா வெளியே வந்தாள். “உனுக்கு மூள கீதா? அவகூடப் போயி நீ இன்னாத்துக்கு நிக்கணும்?”

“நிக்கப் போறது இல்லம்மா. பேசப் போறேன்.”

கெங்கம்மா மகளைப் பார்த்தாள். பிறகு அந்தக் கருப்பட்டியைப் பிரித்து, ஒரு துண்டை உடைத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

தேர்வு நாளுக்கு முன் மகிழினி பழைய பாடப் புத்தகங்களை எடுத்துத் தூசி தட்டினாள். பரிசோதனைக்கூடத்தில் மதியச் சாப்பாட்டு நேரமெல்லாம் படித்தாள். ஒரு காலையில் எண்ணூர் போய் டில்லிபாபுவைப் பார்த்தாள். இப்போது படகில் சேறு அள்ள யார் வருகிறார்கள் என்று கேட்டாள்.

“ஒரு பையன அனுப்பறாங்கோ. அந்தப் பொண்ணு ரெண்டு வாட்டி வந்துச்சு, வாந்தி எடுத்துச்சு, அதோட சரி. பாவம், கெட்ட பொண்ணு இல்ல. இன்னா டீச்சர், நீ திரும்ப வரியா?”

“வந்தாலும் வருவேன்.”

“வா வா. நீ அனுப்பறேன்ன பார்சல் பாக்கி கீது.”

இந்தத் தடவை பஸ்ஸில் தனியாகப் போனாள். அதே பாதிக் கதவு, அதே மூன்று நாற்காலிகள். சிவந்தி முதலில் உள்ளே போய் உடனே வந்துவிட்டாள். அடுத்து மகிழினி. அதே வெளியூர் நிபுணர்தான். அவளை அவருக்கு நினைவில்லை. ஒரே இடத்தில் எடுத்த இரண்டு மாதிரிகளில் முடிவு ஏன் வேறு வேறாக வருகிறது என்று பொதுவாகக் கேட்டார். மகிழினி ஆரம்பித்தாள். தன் இங்கிலீஷில், வார்த்தை தட்டும் இடத்தில் தமிழில், பலகையில் கழிமுகத்தைப் படம் போட்டு, ஏறும் தண்ணீரையும் இறங்கும் தண்ணீரையும் அம்புக்குறியால் காட்டினாள். அவர் குறுக்கே கேட்டார். அதற்கும் சொன்னாள். அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். மேலும் கேட்டார். பேராசிரியர் அருள்பிரகாசம் ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கையில் ஒட்டிய சாக்பீஸ் தூளைத் தட்டிக்கொண்டே வெளியே வந்தாள். இரண்டு வருஷமாக உள்ளே கிடந்ததை இறக்கி வைத்தாகிவிட்டது. ஜெனி எழுந்து நின்றிருந்தாள். எல்லாம் கேட்டிருக்கிறது.

“கணக்குக்குன்னு சொல்லிட்டு வந்து இப்படிப் பண்ணுவன்னு நினைக்கல.”

“கேட்டாங்க. வாயில வந்துடுச்சு.”

ஜெனியை உள்ளே கூப்பிட்டார்கள். அதிக நேரம் ஆகவில்லை. வெளியே வந்து சுற்றிப் பார்த்தாள். வராந்தாக் கோடியில் மகிழினியின் பக்கத்தில் வந்து நின்றாள்.

“பழி வாங்கறியா?”

“நீ பண்ணதைத்தான் பண்ணேன். அன்னிக்கு நீ தெரியாதுன்னு சொல்லியிருந்தா இந்த இடம் என்னோடது.”

“இல்ல.” ஜெனி சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “நான் தெரியாதுன்னு சொல்லியிருந்தாலும் உனக்கு வந்திருக்காது. இன்னிக்கு நீ எவ்வளவு நல்லாச் சொன்னாலும் வராது.”

“என்ன சொல்ற?”

“அந்தத் தேர்வுக்கு ஒரு வாரம் முன்னாடியே சார் எங்க கடைக்கு போன் பண்ணிக் கூப்பிட்டார். டெல்லிக்குப் போய்ப் பேசணும், இங்கிலீஷ்ல ரிப்போர்ட் எழுதணும், அதுக்கு நீதான் சரின்னார். உன்னைப் பத்திக் கேட்டேன் மகிழ், சத்தியமாக் கேட்டேன். அவ படகு வேலைக்கு நல்லா இருப்பா, தினக்கூலியில வெச்சுக்கலாம்னார். கழிமுகத்தைப் பத்தி என்னைக் கேக்கப் போறாங்கன்னும் சொல்லி அனுப்பினார்.”

வராந்தாவில் யாரோ ஸ்டூலை இழுக்கும் சத்தம். மகிழினி அது நிற்கும் வரைக்கும் காத்திருந்தாள்.

“அன்னிக்கு பஸ்ல நான் அம்மா சேலையக் கட்டிக்கிட்டு உன் பக்கத்துல உட்கார்ந்திருந்தேன். அப்ப உனக்கு இதெல்லாம் தெரியும்.”

“தெரியும்.”

“ஏன் சொல்லல?”

ஜெனி கைக்குட்டையை எடுத்து மடித்தாள். “சொன்னா நீ வந்திருக்க மாட்ட. நீ வரலன்னா மூணு பேர் ஆகியிருக்காது.”

அபின் ஒன்று. ஜெனி ஒன்று. மகிழினி விரல் விட்டு எண்ணவில்லை. எண்ணத் தேவையும் இல்லை. படகைப் பற்றியும் வெயிலைப் பற்றியும் கேட்டுவிட்டு அனுப்பினார்களே, அது ஏன் என்று இப்போது தெரிந்தது. கை கால் எல்லாம் இந்தப் பெண்தான் என்று அவர் ஊருக்கெல்லாம் சொன்னதும் பொய்யில்லை. தலையை அவர் வேறு இடத்தில் பார்த்து வைத்திருந்தார்.

ராசையா வந்து ஜெனியைக் கூப்பிட்டார். போன தடவை மாதிரியேதான். ஜெனி போனாள். இரண்டு அடி போய்த் திரும்பிப் பார்த்தாள். மகிழினி அவளைப் பார்க்கவில்லை. நிபுணர் கைப்பையோடு வெளியே வந்தார், அவளைப் பார்த்து நின்றார். “மிக நன்றாகச் சொன்னீர்கள்,” என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு, காருக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார். பின்னாலேயே பேராசிரியர்.

“மகிழினி, நல்லா இருக்கியாம்மா? அப்பா சௌக்கியமா?”

அதே மென்மையான குரல். இரண்டு வருஷமாக அந்தக் குரலை அவள் குறை சொன்னதே இல்லை.

“போன தடவ என்னைய எதுக்கு சார் ரெண்டு பேரக் கூட்டியாரச் சொன்னீங்க? ஜெனி போக, கணக்குக்கு நானே ஒரு ஆளுதானே. இன்னும் ஒருத்தரக் கூட்டியாந்தாப் போதும்னு சொல்லியிருக்கலாமே. எனக்காச்சும் ஆள் தேடற அலைச்சல் பாதி மிச்சம்.”

அவருக்குப் புரிந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “எல்லாத்தையும் மனசுல வெச்சுக்கக் கூடாதும்மா. அடுத்து ஒரு திட்டம் வருது. அப்ப பார்க்கலாம்,” என்றார். நிபுணரை வழியனுப்ப வேகமாக நடந்தார்.

பஸ் நிறுத்தம் வரைக்கும் சிவந்தி கூட வந்தாள். அப்பா ராயபுரத்தில் ஐஸ் ஃபாக்டரியில் வேலை செய்கிறாராம். துறுதுறுவென்று பேசுகிற பெண். எம்.எஸ்சி. முடித்து இரண்டு வருஷம் ஒரு சோப்புக் கம்பெனியில் இருந்தவள்; கம்பெனியை மூடிவிட்டார்களாம்.

“இன்னாக்கா, அப்டியே பொளந்து கட்டிட்டீங்கோ. நான் வெளிய குந்தினு கேட்டுகினே இருந்தேன். எனுக்கு நாலு கேள்வி கேட்டாங்கோ, நாலுக்கும் தெரியும், நாலுக்கும் தெரியாதுன்னுட்டேன். வவுறு எரிஞ்சுது.”

“எதுக்கு அப்படிச் சொன்ன?”

“ஜெனிக்கா கேட்டாங்கோ. அப்புறம், அடுத்த திட்டம் வருது இல்ல, அது எனுக்குத்தான்னு சாரே சொல்லிட்டாரு. வெளிய சொல்லாதீங்கோ.” சிவந்தி கொஞ்சம் கிட்டே வந்தாள். “ரெண்டு பேர மட்டும் நான் ரெடி பண்ணி இட்டுகினு வரணும். ஒரு ஆளு கெடைச்சுடுச்சு. நீங்கோ வருவீங்களாக்கா? உங்களுக்கு அனுபவம் கீது.”

பஸ் ஒன்று வந்தது, மகிழினி ஏறவில்லை. நிழற்குடையில் உட்கார்ந்து, சிவந்தியையும் உட்கார வைத்து, ராயபுரம் மேம்பாலத்தில் ஆரம்பித்து இன்றைக்கு வராந்தாவில் முடிந்தது வரை ஒன்று விடாமல் சொன்னாள். சிவந்தி வாயில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள். ஜெனி வருகிற இடத்தில், “அடப்பாவி,” என்றாள். முடிந்ததும் கொஞ்ச நேரம் செருப்பு நுனியால் தரையில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள்.

“ஜெனிக்கா ஏதோ சொல்லி நல்லவளாவப் பாக்குது அக்கா. சார் அப்படிப்பட்டவர் இல்ல.”

மகிழினிக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. இரண்டையும் விழுங்கிவிட்டுக் கைப்பையைத் திறந்தாள். பரிசோதனைக்கூடத்தில் அவளோடு இருந்த பையன் துபாய் போய்விட்டான். அவன் மேஜை இன்னும் காலிதான். ஒரு சீட்டில் கூடத்தின் போன் நம்பரை எழுதி, சிவந்தியின் கையில் வைத்து மூடினாள்.

“இந்த வேலைக்கு மூணு பேரெல்லாம் வேணாம், நீ ஒருத்தி வந்தாப் போதும். வேலை வேணும்னா கூப்பிடு. கணக்குக்கு ஆள் வேணும்னா கூப்பிடாத.”

திருவொற்றியூர் பஸ் வந்தது. ஏறிக்கொண்டாள். சிவந்தி அந்தச் சீட்டை வைத்துக்கொண்டாளா, போட்டுவிட்டாளா என்று ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்த்தாள். நடுவில் ஒரு தண்ணீர் லாரி வந்து நின்றுவிட்டது.